குறி தவறாமைக்கும் சமநிலைக்கும் பார்வைப் பயிற்சி

சுகாதாரமும் உடற்கல்வியும் – க.பொ.த. சாதாரண தரம்

1. அறிமுகம்



வலைப்பந்தாட்டத்தில் கோல் எய்பவர், எல்லேயில் பந்தை அடிப்பவர், சமநிலைச் சட்டத்தின் மீது நடக்கும் உடற்பயிற்சியாளர் ஆகிய மூவரும் வெவ்வேறு தசைகளைப் பயன்படுத்துகின்றனர். எனினும் மூவரது செயலும் கண்ணிலிருந்தே ஆரம்பமாகின்றது. கண் தகவலைத் தர, மூளை முடிவெடுக்க, தசைகள் தொழிற்படுகின்றன.

"பிறவியிலேயே கூர்மையான கண் இருந்தால்தான் விளையாட்டு வரும்" என்ற எண்ணம் பாடசாலை மைதானங்களில் பரவலாக உண்டு. பந்தை இரண்டு முறை தவறவிடும் மாணவர் "இவருக்கு விளையாட்டு வராது" என ஒதுக்கப்படுவதும் உண்டு. இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானது. பார்வையின் கூர்மை ஒன்று; பார்வையைப் பயன்படுத்தும் திறன் வேறொன்று. எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பவை பழகிப் பெறத்தக்க திறன்களாகும். இதனை விளங்கிக்கொள்வதே இப்பாடப் பகுதியின் நோக்கமாகும்.

2. அறிந்திருக்க வேண்டிய பதங்கள்

உடற்றகைமைக் காரணிகளுள் திறனுடன் தொடர்புடையவை வேகம், சுறுசுறுப்பு, வலு, சமநிலை, இயைபாக்கம், துலங்கல் நேரம் என்பனவாகும். இவற்றுள் பின்வரும் மூன்றும் பார்வையுடன் நெருங்கிய தொடர்புடையவை.

அ. இயைபாக்கம்: புலன்களும் உடலுறுப்புகளும் ஒன்றுடனொன்று இசைந்து தொழிற்படல். உதாரணம்: பந்தைப் பிடிக்கும்போது ஏற்படும் கை – கண் இயைபு, பந்தை உதைக்கும்போது ஏற்படும் கால் – கண் இயைபு.

ஆ. துலங்கல் நேரம்: தூண்டல் கிடைத்த கணத்திற்கும் அதற்கான அசைவு ஆரம்பிக்கும் கணத்திற்கும் இடைப்பட்ட நேரம்.

இ. சமநிலை: உடலின் புவியீர்ப்பு மையத்தைத் தாங்கு தளத்தின் கட்டுப்பாட்டினுள் வைத்திருக்கும் ஆற்றல். ஓரிடத்தில் நிற்கும்போது பேணப்படுவது நிலையான சமநிலை. அசையும்போது பேணப்படுவது இயங்கு சமநிலை.

துலங்கல் நேரத்தையும் இயைபாக்கத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓட்டப்போட்டியில் வெடியொலி கேட்டவுடன் புறப்படுவது துலங்கல் நேரத்துடன் தொடர்புடையது. வரும் பந்தின் திசைக்கேற்பக் கையை உரிய இடத்திற்குக் கொண்டுசெல்வது இயைபாக்கத்துடன் தொடர்புடையது.

3. கண் எவ்வாறு பார்க்கின்றது?

நாம் முழுக் காட்சியையும் ஒரே தெளிவுடன் பார்ப்பதாக எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. விழித்திரையின் மஞ்சட் பொட்டில் விழும் விம்பம் மாத்திரமே மிகத் தெளிவாகத் தெரியும். கையை முன்னே நீட்டிப் பெருவிரலை உயர்த்தினால் அதன் நகம் மறைக்கும் அளவிலான சிறு பகுதியே அந்தத் தெளிவான பார்வைப் பகுதியாகும்.

செயற்பாடு 1: இப்பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லின் மீது பார்வையை நிறுத்துங்கள். கண்ணை அசைக்காமல் நான்கு வரிகளுக்கு மேலேயுள்ள சொல்லை வாசிக்க முயலுங்கள். எழுத்து இருப்பது தெரியும்; சொல் தெரியாது.

எழுத்து இருப்பதைக் காட்டிய அந்தப் பார்வையே ஓரப் பார்வை எனப்படும். அது நுணுக்கத்தைக் காட்டாவிடினும் அசைவை விரைவாக உணர்த்தும். பந்தை வைத்திருக்கும் உதைபந்தாட்ட வீரர், பக்கத்தில் ஓடிவரும் சக வீரரை அறிந்துகொள்வது இதன் மூலமாகும். ஆகவே நுணுக்கமாக அறிய வேண்டியதை நேராக நோக்க வேண்டும். அசைவை அறிய வேண்டியதை ஓரப் பார்வைக்கு விடலாம்.

இரண்டு கண்களும் சற்று வேறுபட்ட இரு விம்பங்களைப் பெறுகின்றன. மூளை அவற்றை ஒன்றாக்கித் தூரத்தை மதிப்பிடுகின்றது. இது இருவிழிப் பார்வையாகும்.

செயற்பாடு 2: இரு கைகளிலும் ஒவ்வொரு பென்சிலை எடுத்து, கைகளை முன்னே நீட்டி, அவற்றின் முனைகளைப் பக்கவாட்டிலிருந்து தொடச் செய்யுங்கள். பின்னர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவ்வாறே செய்யுங்கள். இரண்டாவது தடவை முனைகள் எளிதில் சந்திக்க மாட்டா.

ஒரு கண்ணால் தூரத்தை மதிப்பிடுவது கடினம் எனினும், பயிற்சியால் அதனை ஓரளவு ஈடுசெய்ய முடியும் என்பதற்கு இந்தியத் துடுப்பாட்ட வீரர் மன்சூர் அலிகான் பட்டோடி சான்றாவார். 1961ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நேர்ந்த வாகன விபத்தில் அவர் வலது கண்ணின் பார்வையை இழந்தார். அதே ஆண்டு டிசெம்பர் மாதம் தமது முதலாவது டெஸ்ட் போட்டியில் விளையாடினார். 1962இல், 21 வயதில், இந்திய அணியின் தலைவரானார். மொத்தம் 46 டெஸ்ட் போட்டிகளில் 6 சதங்களைப் பெற்றார். புதிய பார்வைக்கு ஏற்பத் தம் ஆட்டத்தை அவர் மாற்றிப் பழகிக்கொண்டதே இதற்குக் காரணம்.

4. வேகமான பந்தை எவ்வாறு பார்ப்பது?

துடுப்பாட்டத்தில் இரு துடுப்பாட்டக் கோடுகளுக்கும் இடையிலான தூரம் 17.68 மீற்றர். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து இத்தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கணிப்போம்.

மணிக்கு 140 கிலோமீற்றர் = செக்கனுக்கு 38.9 மீற்றர்
நேரம் = 17.68 ÷ 38.9 = ஏறத்தாழ 0.45 செக்கன்

காற்றுத் தடையாலும் நிலத்தில் பட்டு எழுவதாலும் பந்தின் வேகம் குறையும். ஆகவே உண்மையான நேரம் இதனிலும் சற்று அதிகமாகும். எனினும் அது ஏறத்தாழ அரைச் செக்கனே. இதற்குள் பார்த்து, முடிவெடுத்து, மட்டையை அசைத்தாக வேண்டும். "பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே" எனப் பயிற்றுநர்கள் கூறுவதுண்டு. ஆனால் மிக வேகமான பந்தைக் கண் முழுத் தூரமும் தொடர்ந்து செல்ல முடியாது.

அப்படியாயின் திறமையான வீரர் என்ன செய்கிறார்? 2000ஆம் ஆண்டு மைக்கல் லாண்ட், பீட்டர் மக்லியோட் ஆகிய பிரித்தானிய ஆய்வாளர்கள், துடுப்பாட்ட வீரர்களின் தலையில் சிறு கமரா பொருத்தி அவர்களது கண்ணசைவைப் பதிவுசெய்தனர். அவர்கள் கண்டவை வருமாறு.

அ. பந்து கையை விட்டு வெளிவரும் கணத்தைக் கண் கூர்ந்து நோக்குகின்றது.
ஆ. பின்னர் கண் பந்தை முந்திச் சென்று, பந்து நிலத்தில் படவிருக்கும் இடத்திற்குத் தாவுகின்றது.
இ. பந்து நிலத்தில் பட்டு எழுந்த பின் மீண்டும் சிறிது நேரம் அதனைத் தொடர்கின்றது.

திறமை கூடியவரின் கண் இவ்வாறு முன்னதாகத் தாவியது. திறமை குறைந்தவரின் கண் தாமதித்தே தாவியது. எனவே வேறுபாடு பார்வைக் கூர்மையில் அன்று, எதிர்பார்த்தலிலேயே உள்ளது. பந்து விழுமிடத்தை முன்னறிவது பல நூறு பந்துகளை எதிர்கொண்ட அனுபவத்தால் வருவதாகும்.

5. நிலையான குறியை எவ்வாறு பார்ப்பது?

வலைப்பந்தாட்ட வளையத்தின் உயரம் 3.05 மீற்றர். அதன் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர். பந்தின் விட்டமோ ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். பந்து வளையத்தின் நடுவே விழுந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் 8 சென்ரிமீற்றர் இடைவெளியே எஞ்சும். பந்தை 3 செக்கனுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இலங்கை வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 2019ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் நடைபெற்ற உலகக்கிண்ணப் போட்டியில் அதிக கோல்களைப் பெற்றார். அவரது உயரத்தைப் பற்றியே பலரும் பேசுவர். உயரம் பந்தைக் கைப்பற்ற உதவும். எனினும் அதனைத் தவறாது வளையத்தினுள் இடுவதற்குக் குறி வேண்டும்.

குறி பார்த்தல் பற்றி ஆராய்ந்தவர் கனடாவின் கல்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் விக்கர்ஸ் ஆவார். 1996இல் அவர் கூடைப்பந்தாட்ட வீராங்கனைகள் தண்ட எறிகை எறியும்போது அவர்களின் கண்ணசைவை அளந்தார். திறமையானவர்கள் எறிவதற்கு முன்னரே வளையத்தின் ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தி, அதனை நீண்ட நேரம் பேணினர். ஏனையோரின் பார்வை அங்குமிங்கும் அலைந்தது. அசைவு ஆரம்பிக்க முன்னர் குறியின் மீது இறுதியாக நிலைக்கும் இந்த நோக்கை நாம் "நிலைத்த நோக்கு" எனலாம்.

பின்னர் ஒரு பல்கலைக்கழக மகளிர் அணிக்கு இம்முறை கற்பிக்கப்பட்டது. இரண்டு பருவகாலங்களில் அவ்வணியின் தண்ட எறிகை வெற்றி ஏறத்தாழ 54 சதவீதத்திலிருந்து 76 சதவீதம் வரை உயர்ந்தது. மாற்றப்பட்டது கண் அன்று, பார்க்கும் பழக்கமே.

நிலைத்த நோக்கின் படிமுறைகள்:

1. கால்களை உறுதியாக வைத்து, குறிக்கு நேராக நில்லுங்கள்.
2. முழு வளையத்தையும் பார்க்காது, அதன் விளிம்பில் ஒரு புள்ளியைத் தெரிவுசெய்யுங்கள்.
3. அப்புள்ளியில் ஏறத்தாழ ஒரு செக்கன் பார்வையை நிறுத்துங்கள்.
4. தயங்காது ஒரே அசைவில் எறியுங்கள். கையிலுள்ள பந்தையோ எதிராளியின் கையையோ பார்க்காதீர்கள்.

6. பார்வையும் சமநிலையும்

உடற்சமநிலையைப் பேண மூளைக்கு மூன்று வழிகளில் தகவல் கிடைக்கின்றது.

அ. கண்: சூழலுக்கு ஏற்ப உடல் எந்நிலையில் உள்ளது என்பதைக் காட்டும்.
ஆ. உட்காது: அரைவட்டக் கால்வாய்கள் தலையின் சுழற்சியை உணரும்.
இ. தசைகள், மூட்டுகள், பாதத் தோல்: உடற்பகுதிகளின் நிலையையும் அமுக்கத்தையும் உணரும்.

இத்தகவல்களை ஒன்றிணைத்துத் தசைகளின் இயக்கத்தைச் சீராக்குவதில் மூளி முக்கிய பங்கு வகிக்கின்றது. மூன்று வழிகளில் ஒன்று தடைப்படும்போது ஏனைய இரண்டும் கூடுதலாகத் தொழிற்பட வேண்டும். இருளில் நடக்கையில் தடுமாறுவது இதனாலேயே.

செயற்பாடு 3: ஒரு நண்பரை அருகில் நிறுத்தி, சமதரையில் ஒற்றைக் காலில் பின்வருமாறு நின்று, ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறியுங்கள்.

முதலாவது: கண்மட்டத்திலுள்ள ஒரு புள்ளியை நோக்கியவாறு.
இரண்டாவது: பார்வையை அங்குமிங்கும் அலையவிட்டவாறு.
மூன்றாவது: கண்களை மூடியவாறு.

மூன்றாவது நேரம் பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். முதலாவது நேரத்தையும் இரண்டாவது நேரத்தையும் ஒப்பிடும்போது, கண் திறந்திருத்தல் மாத்திரம் போதாது, நோக்கு நிலைத்திருக்கவும் வேண்டும் என்பது புலப்படும். சமநிலைச் சட்டத்தில் நடப்பவர் தம் பாதத்தைப் பார்க்காது சட்டத்தின் மறுமுனையை நோக்குவது இதற்காகவே. பாதத்தைப் பார்க்கத் தலை குனிந்தால் புவியீர்ப்பு மையமும் முன்னோக்கி நகரும்.

செயற்பாடு 4: இப்புத்தகத்தைக் கையிற் பிடித்து இடம் வலமாக விரைவாக அசைத்து வாசியுங்கள். எழுத்துகள் மங்கும். இப்போது புத்தகத்தை அசைக்காது, அதே வேகத்தில் தலையை இடம் வலமாக அசைத்து வாசியுங்கள். எழுத்துகள் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது தடவை, உட்காது தலையின் அசைவை உணர்ந்து, கண்களை எதிர்த்திசையில் திருப்பிக் காட்சியை நிலைநிறுத்துகின்றது. ஓடிக்கொண்டே பந்தைத் தெளிவாகப் பார்க்க முடிவது இத்தெறிவினையினாலாகும்.

7. பயிற்சி முறைகள்

பின்வரும் பயிற்சிகளுக்கு விலையுயர்ந்த உபகரணங்கள் தேவையில்லை. ஒரு ரென்னிஸ் பந்து, சுண்ணக்கட்டி, அடிமட்டம் என்பன போதும். பிரபல துடுப்பாட்ட வீரர் டொன் பிரட்மன் சிறுவயதில் அவுஸ்திரேலியாவின் பவ்ரல் நகரில், நீர்த்தாங்கியின் அடிச்சுவரில் கொல்ப் பந்தை எறிந்து, திரும்பி வரும் பந்தை ஒரு விக்கெட் கம்பால் அடித்துப் பழகினார். கருவி எளிது, அது கேட்ட கவனமோ பெரிது.

அ. சுவர்க் குறி: சுவரில் ஒரு வட்டம் வரைந்து அதன் நடுவே ஒரு நாணயத்தின் அளவில் புள்ளியிடுங்கள். 3 மீற்றர் தூரத்தில் நின்று, நிலைத்த நோக்கின் படிமுறைகளின்படி 10 தடவை எறியுங்கள். 10இற்கு 7 சரியானால் அரை மீற்றர் பின்னே செல்லுங்கள்.

ஆ. எழுத்துப் பந்து: பந்தின் பல பக்கங்களிலும் எண்களை எழுதுங்கள். நண்பர் மெதுவாக எறிய, கண்ணிற்பட்ட எண்ணைக் கூறியவாறு பிடியுங்கள். பந்தின் மீது கவனத்தை நிறுத்த இது உதவும்.

இ. திடீர்ப் பந்து: சுவரை நோக்கி நில்லுங்கள். பின்னால் நிற்கும் நண்பர் பந்தைச் சுவரில் எறிய, திரும்பி வரும் பந்தைப் பிடியுங்கள். பந்தின் திசையை விரைவாக அறியும் பழக்கம் வளரும்.

ஈ. ஓரப் பார்வை: இரு பக்கமும் சற்று முன்னே இரு நண்பர்களை நிறுத்தி, நேரே ஒரு புள்ளியை நோக்குங்கள். அவர்கள் காட்டும் விரல்களின் எண்ணிக்கையைக் கண்ணைத் திருப்பாது கூறுங்கள். தேர்ச்சி பெற்ற பின் பந்தைத் தட்டியவாறே செய்யுங்கள்.

உ. சமநிலை: தரையில் 5 மீற்றர் நீளமான கோடு வரைந்து, குதிக்காலை மறுகாலின் விரல்களுடன் ஒட்டிவைத்து நடந்து செல்லுங்கள். முதலில் கோட்டின் முடிவை நோக்குங்கள். பின்னர் தலையை மெதுவாக இடம் வலமாகத் திருப்பியவாறு நடவுங்கள். இறுதியாக ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடித்து எறியுங்கள்.

ஊ. அடிமட்டச் சோதனை: நண்பர் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை நிலைக்குத்தாகப் பிடிக்க, அதன் பூச்சியக் குறி உங்கள் விரல்களுக்கு இடையில் இருக்கட்டும். அவர் முன்னறிவித்தலின்றி விட்டவுடன் பிடியுங்கள். விழுந்த தூரத்திலிருந்து துலங்கல் நேரத்தை அறியலாம்.

5 சென்ரிமீற்றர் – 0.10 செக்கன்
10 சென்ரிமீற்றர் – 0.14 செக்கன்
15 சென்ரிமீற்றர் – 0.17 செக்கன்
20 சென்ரிமீற்றர் – 0.20 செக்கன்
25 சென்ரிமீற்றர் – 0.23 செக்கன்

ஐந்து தடவை செய்து சராசரியைக் கணியுங்கள். 5 சென்ரிமீற்றர் போன்ற மிகக் குறைந்த அளவு கிடைத்தால், நீங்கள் முன்கூட்டியே கையை மூடியிருக்கலாம். அதனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வாரத்தில் மூன்று நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் இப்பயிற்சிகளைச் செய்யலாம். முதல் நாளிலும் ஆறாவது வார இறுதியிலும் சுவர்க் குறி, ஒற்றைக் கால் நிலை, அடிமட்டச் சோதனை ஆகியவற்றின் அளவீடுகளைக் குறித்து ஒப்பிடுங்கள். மற்றவருடன் அன்றி, உங்கள் முதல் நாளுடன் உங்களை ஒப்பிடுவதே சரியான மதிப்பீடாகும்.

8. எவை பயன் தரமாட்டா?

கண்ணை உருட்டுதல், தூரத்தையும் அண்மையையும் மாறிமாறிப் பார்த்தல் போன்ற பொதுவான கண் பயிற்சிகளால் விளையாட்டுத் திறன் உயரும் என விளம்பரங்கள் கூறுவதுண்டு. அவுஸ்திரேலியாவில் அபர்னெத்தி, வூட் ஆகியோர் இதனைச் சோதித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். அத்தகைய பயிற்சியைச் செய்தோர், செய்யாதோரை விட விளையாட்டில் கூடிய முன்னேற்றம் அடையவில்லை. எனவே பார்வைப் பயிற்சி எந்த விளையாட்டுக்கோ அந்த விளையாட்டின் அசைவுகளுடன் சேர்ந்தே அமைய வேண்டும். வலைப்பந்தாட்ட வீராங்கனை வளையத்தை நோக்கியே பழக வேண்டும்.

பார்வைக் குறைபாட்டைப் பயிற்சி நீக்காது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். குறும்பார்வைக்குக் குழிவு வில்லையும் நீள்பார்வைக்குக் குவிவு வில்லையும் தேவை. கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குபவர், உயரத்தில் வரும் பந்தைத் தொடர்ந்து தவறவிடுபவர், விளையாடும்போது தலைவலி ஏற்படுபவர் ஆகியோர் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். "விளையாட்டு வராது" எனப் பெயர் பெற்ற ஒருவருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு மூக்குக்கண்ணாடியாகவும் இருக்கலாம். உங்கள் வகுப்பில் அத்தகைய நண்பர் இருப்பின், கேலி செய்யாது ஆசிரியரிடம் தெரிவியுங்கள்.

9. பாதுகாப்பு

• கண்களை மூடிச் செய்யும் பயிற்சிகளைச் சமதரையில், துணையுடன் மாத்திரம் செய்க.
• ஆரம்பத்தில் மென்மையான பந்துகளையே பயன்படுத்துக.
• சூரியனை நேராக நோக்காதிருக்க, நிற்கும் திசையைத் தெரிவுசெய்க.
• தலைச்சுற்று, இரட்டைப் பார்வை ஏற்படின் உடனே நிறுத்தி ஆசிரியரிடம் கூறுக.
• கண்ணில் பந்து பட்டால் கண்ணைத் தேய்க்காது வைத்தியரை நாடுக.

10. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: நிலையான சமநிலைக்கும் இயங்கு சமநிலைக்கும் ஒவ்வோர் உதாரணம் தருக.
விடை: நிலையான சமநிலை – ஒற்றைக் காலில் நிற்றல். இயங்கு சமநிலை – சமநிலைச் சட்டத்தில் நடத்தல்.

வினா 2: சமநிலையைப் பேண மூளைக்குத் தகவல் வழங்கும் மூன்று வழிகளைக் குறிப்பிடுக.
விடை: கண், உட்காது, தசைகளும் மூட்டுகளும் பாதத் தோலும்.

வினா 3: கோல் எய்பவர் பந்தைப் பார்க்காது வளையத்தின் ஒரு புள்ளியை நோக்க வேண்டும். காரணம் தருக.
விடை: மஞ்சட் பொட்டில் விழும் சிறு பகுதியே தெளிவாகத் தெரியும். குறியின் தூரத்தையும் திசையையும் சரியாக அறிய, எறிவதற்கு முன்னரே அங்கு நோக்கை நிலைநிறுத்த வேண்டும்.

வினா 4: அடிமட்டச் சோதனையில் ஒரு மாணவி 20 சென்ரிமீற்றரில் பிடித்தாள். ஆறு வாரப் பயிற்சியின் பின் 15 சென்ரிமீற்றரில் பிடித்தாள். இதிலிருந்து நீர் அறிவது யாது?
விடை: அவளது துலங்கல் நேரம் இச்சோதனையில் 0.20 செக்கனிலிருந்து 0.17 செக்கனாகக் குறைந்துள்ளது.

வினா 5: பார்வைப் பயிற்சி மூக்குக்கண்ணாடிக்குப் பதிலாகுமா? விளக்குக.
விடை: ஆகாது. பயிற்சி பார்வையைப் பயன்படுத்தும் திறனை வளர்க்கும். விழித்திரையில் விம்பம் சரியாகக் குவியாத குறைபாட்டைப் பொருத்தமான வில்லையே திருத்தும்.

விடைகளை மனனம் செய்வதோடு நின்றுவிடாது, நான்கு செயற்பாடுகளையும் ஒருமுறை செய்து பாருங்கள். செய்து அறிந்தது பரீட்சை மண்டபத்திலும் மைதானத்திலும் ஒருங்கே கைகொடுக்கும்.